வீடு இழுத்த கடன்

லெதெஸ்மா கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், அப்போது சொல்ல மனசு வராது.

எங்கள் தெருமுனையில் இறைச்சிக் கடை வைத்திருந்தான். வடக்கே துக்குமானில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் பிறந்தவன். பட்டகோனியாவின் காற்றுக்கு அவனும் வந்தேறி, நானும் வந்தேறி. ஆனால் அவன் அர்ஜென்டினாக்காரன், சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவன். நான் எல்லைக்கு அந்தப் பக்கம், சிலி நாட்டின் சிலோயே தீவில் பிறந்தவள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்துக்குச் சமைத்துப்போட வந்து, அந்தக் கூட்டத்திலேயே ரோசமெல் என்கிறவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். பிள்ளை இல்லை. அவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அவர் கையால் கட்டிய மரவீடு ஒன்றுதான். இரண்டு அறை, ஒரு இரும்பு அடுப்பு, காற்றடித்தால் முனகும் கூரை.

எண்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில், விமானத் தளத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்துகிறோம், வீட்டை எடு என்று உத்தரவு வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மனையைக் காட்டினார்கள்.

"பலகை பலகையாப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிடலாம், அக்கா" என்றான் லெதெஸ்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தீவில் வீட்டைப் பிரிக்க மாட்டோம், இழுப்போம். அடியில் உருட்டு மரங்களைக் கொடுத்து, கயிறு கட்டி, ஊரே கூடி இழுத்தால் வீடு தானாக நடந்து போகும். ஜன்னல் கண்ணாடியில் கீறல் விழாது. இதற்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது. வீட்டுக்காரி வாசல் வாசலாக ஏறி இறங்கி, வாருங்கள் என்று கேட்க வேண்டும். வந்தவர்களுக்கு வயிறு கொள்ளாமல் சாப்பாடு போட வேண்டும். அதோடு கணக்குத் தீராது. இன்றைக்கு என் கயிற்றைப் பிடித்தவன் நாளைக்குக் கூப்பிட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் நான் எழுந்து போய் அவன் கயிற்றைப் பிடித்தாக வேண்டும்.

நான் கேட்டேன், லெதெஸ்மா வந்தான். லாரியைக் கொண்டுவந்தான், தெரு ஆண்களை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்தான், எங்கள் தீவுக்காரர்களைவிடப் பெரிய தொண்டையில் கூவிக் கூவி இழுத்தான். அவன் மகன் எலியோ உருட்டு மரங்களை எடுத்து எடுத்து முன்னால் போட்டான். சாயங்காலம் வீடு புது மனையில் போய் உட்கார்ந்தபோது லெதெஸ்மாவின் கண்ணில் தண்ணீர்.

"என்னமா ஒரு பழக்கம், அக்கா! இதை நாடு பூரா கொண்டுவரணும்."

"முதல்ல ஆட்டிறைச்சியத் தின்னு. நாட்டை அப்புறம் இழுக்கலாம்."

"இனி நீங்க எனக்குக் கடன்காரி, தெரியும்ல?"

"தெரியும்டா தம்பி. உன் வீட்டுக் கயிறு என் கையிலன்னு வச்சுக்கோ."

வாய் தவறிச் சொன்னது இல்லை. மனசாரச் சொன்னேன்.

பக்கத்து மனைக்காரர் ஓனோஃப்ரே கார்கமோ அன்றைக்குக் கயிற்றைத் தொடவில்லை. ஓரமாக நின்று, "இடப்பக்கம், இடப்பக்கம்! அறிவிருக்கா?" என்று வாயாலேயே இழுத்தார். அவரும் என் தீவுதான். வயதான காலத்தில் வேலி கட்டிக்கொடுத்துப் பிழைத்தார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சிலியை ஆண்டுகொண்டிருந்த ஜெனரலின் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். சட்டை எடுக்கும்போதெல்லாம் ஒரு தரிசனம். அவர் கூரையில் ஓர் ஆன்டெனா இருந்தது, ஊரிலேயே உயரமானது. எங்கள் தீவின் வானொலி வரைக்கும் எட்டும்.

அதை வைத்துத்தான் வினையே வந்தது என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் பண்ணைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம், தொலைபேசி கிடையாது. அதனால் சாயங்காலம் ஒரு நேரம் வானொலியில் சேதி வாசிப்பார்கள். இன்னாருக்கு, இன்ன பண்ணை: அம்மா சுகமாக வந்து சேர்ந்தாள். இன்னாருக்கு: குதிரையை அனுப்பு. எங்கள் ஊர் வானொலியும் வாசிக்கும், தீவு வானொலியும் வாசிக்கும். ஓனோஃப்ரேவைப் பிடிக்காது என்றாலும், அந்த நேரத்துக்கு அவர் அடுப்படியில் போய் உட்காருவேன். என் அம்மா இறந்த சேதி எனக்கு அப்படித்தான் வந்தது.

மார்ச் மாதம் முழுக்க லெதெஸ்மா கத்தியைத் தீட்டியதைவிட ராணுவ ஆட்சியைத் திட்டியதுதான் அதிகம். கடையில் இறைச்சி தொங்கும், வாங்க ஆள் இருக்காது. தலைநகரில் அவன் தம்பி ஆலைத் தொழிலாளி. சங்கத்தோடு ஊர்வலம் போனவனை ஒரு செவ்வாய்க்கிழமை போலீஸ் மண்டையில் போட்டது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் வானொலியைத் திறந்தால் ராணுவ இசை. நம் படை கிழக்கே கடலில் இருக்கும் மால்வினாஸ் தீவுகளில் இறங்கிவிட்டது, அவற்றை வைத்திருந்த ஆங்கிலேயரை விரட்டிவிட்டது. மண்டை உடைந்த அதே சதுக்கத்தில், தலையில் கட்டோடு, அந்தத் தம்பி கொடி ஆட்டினானாம். லெதெஸ்மா கடையில் நின்று பெருமையாகச் சொன்னான்.

"அவன் மண்டைய உடைச்சது யாருடா?" என்றேன்.

"அது வேற, இது வேற, அக்கா."

"எப்படி வேற? அதே ஆளுங்கதானே?"

"அந்த ஆளு நாயாவே இருக்கட்டும். தீவு நம்மளுது. ஒண்ணாம் வகுப்புல பாடம் படிச்சதுலேர்ந்து நம்மளுது."

"இல்லேங்கல. அத்தனை வருஷமா தீவு அங்கேயேதான் கிடக்கு. செவ்வாய்க்கிழமை உன் தம்பிய அடிச்சவனுக்கு வெள்ளிக்கிழமை ஏன் திடீர்னு ஞாபகம் வந்துச்சு?"

அவன் வெட்டுக்கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்க சிலிக்காரங்க. உங்களுக்குப் புரியாது."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல்லை அவன் என் மேல் எறிந்தது அதுதான் முதல் தடவை. எலும்புத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குப் புரியாமல் என்ன? சின்ன வயதில் எங்கள் தீவில் எர்மோஹெனஸ் என்று ஒருவர் இருந்தார். அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துத் தகராறு. பாகம் பிரி, பிரி என்று தம்பிகள் வாசலில் நின்றார்கள். ஒரு நாள் எர்மோஹெனஸ் திடீரென்று, வீட்டை அக்கரைக்கு இழுக்கப் போகிறேன், மிங்கா என்று அறிவித்தார். வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கயிறு என்று வந்துவிட்டால் தம்பிகளும்தான் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊர் காறித் துப்பும். கயிறு இழுக்கிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகு மட்டும்தான் தெரியும். கூரை ஒழுகுகிறதா, பாகம் பிரித்தாயிற்றா என்று யார் திரும்பிப் பார்ப்பது? அந்த வாரம் முழுக்க எர்மோஹெனஸ் ராஜாவாக இருந்தார்.

ஊருக்கும் தெரியும், இது வேண்டாத வேலை என்று. என் அப்பாவுக்கும் தெரியும். அப்படியும் போனார். அம்மா கேட்டதற்கு, "நம்ம களஞ்சியத்தை அடுத்த வருஷம் இழுக்கணும், அவன் மாடு இல்லாம ஆகுமா?" என்றார். எதிர்வீட்டுக்காரன் போனான், ஏனென்றால் எர்மோஹெனஸ் அக்கரைக்குப் போய்விட்டால் இக்கரை மேய்ச்சல் அவனுக்கு. இன்னும் சிலர் சாப்பாட்டுக்காகப் போனார்கள். வீடு கரையோரச் சேற்றில் சிக்கியது, கடல் ஏறி வந்து அதைத் தின்றது. மறுநாள் தம்பிகள் மறுபடியும் வாசலில் வந்து நின்றார்கள், இந்தத் தடவை வாசலே இல்லை.

ஏப்ரல் கடைசியில் எலியோவை மால்வினாஸ் தீவுக்கு அனுப்பினார்கள். கட்டாய ராணுவச் சேவையில் இருந்த பையன். தாய் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டதால் பாதி நாள் என் அடுப்படியில் வளர்ந்தவன். நான் பின்னிக்கொடுத்த கம்பளிக் காலுறையைப் போட்டுப் பார்த்து, "அத்தே, குத்துது" என்றான். "குத்துனாத்தான் சூடு" என்றேன். அதற்குப் பிறகு லெதெஸ்மா கடையில் பாதியை வீரர்களுக்கு என்று அனுப்பினான். பதப்படுத்திய இறைச்சி, கொழுப்பு, எல்லாம் பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியிலும் மகன் பேரை எழுதினான், யார் கையிலாவது சேரட்டும் என்று.

ஊர் இருட்டடிப்பில் கிடந்தது. ஜன்னல்களில் போர்வை, வண்டி விளக்குகளில் கறுப்புச் சாயம். சிலி ஜெனரல் ஆங்கிலேயருக்குக் கையாள் வேலை செய்கிறார், எந்த விமானம் எப்போது கிளம்புகிறது என்று எல்லையிலிருந்து பார்த்துச் சொல்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சு. ரொட்டிக் கடையில் என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். ஒரு நாள் ஓனோஃப்ரேவிடம் கேட்டுவிட்டேன்.

"உம்ம ஜெனரல் இங்கிலீஷ்காரனுக்குக் கை கொடுக்குறாராமே?"

கிழவர் ஈறு தெரியச் சிரித்தார். "கொடுக்கட்டுமே. ரெண்டு கையும் கொடுக்கட்டும். எழுபத்தெட்டுல இந்த அர்ஜென்டினாக்காரங்க தெக்கே கால்வாய்ல இருக்குற நம்ம தீவைப் பிடிக்க லாரி லாரியா ஆள் ஏத்துனது மறந்துபோச்சா? அங்க ஜெயிச்சா அடுத்து நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க."

"இங்கிலீஷ்காரன் உமக்கு மாமனா, மச்சானா?"

"எதிரிக்கு எதிரி, பிளாந்தினா. அரசியல் உனக்குப் புரியாது."

"இவனும் புரியாதுங்கிறான், நீரும் புரியாதுங்கிறீர். இங்கிலீஷ்காரன் சுடுற இடத்துல எலியோ நிக்கிறான், அதாவது உமக்குப் புரியுதா? போன குளிர்ல உமக்கு விறகு பிளந்து அடுக்குன பையன்."

ஓனோஃப்ரே வானொலியின் குமிழைத் திருகினார். கரகரப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. "அது வேற" என்றார்.

லெதெஸ்மா சொன்ன அதே சொல். அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இங்கே ஆளும் ஜெனரலுக்கு நாற்காலி ஆடுகிறது, அதனால் ஊரைக் கயிறு பிடிக்கச் சொல்கிறார். சிலி ஜெனரலுக்கு இவர் விழுந்தால் தன் நாற்காலி உறுதியாகும், அதனால் எதிர்ப்பக்கத்துக் கயிற்றைப் பிடிக்கிறார். இவர்களுக்கு விமானம் கொடுக்க ஒரு நாடாம், அவர்களுக்குக் குண்டு கொடுக்க ஒரு நாடாம். கொடுப்பவன் ஒவ்வொருவனும் தன் களஞ்சியத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எலியோ என்று ஒரு பேர் உண்டு, அவனுக்குக் காலுறை குத்தும் என்பது அதில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்தது. ஓனோஃப்ரே எதிரில் அழக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மே மாதத் தொடக்கத்தில் நம் பெரிய போர்க்கப்பல் மூழ்கியது. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள். அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் லெதெஸ்மாவும் தெருக்காரர்களும் ஓனோஃப்ரே கூரையில் ஏறி ஆன்டெனாவைப் பிடுங்கி வீசினார்கள். எனக்கு வீடு இழுத்த அதே கயிறு, அதே கைகள். கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார்.

மறுநாள் லெதெஸ்மா என் அடுப்படிக்கு வந்தான். மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடுவையைக் கையில் வாங்கினானே தவிரக் குடிக்கவில்லை.

"அக்கா, நாளைக்கு என்கூட ராணுவ அலுவலகத்துக்கு வரணும். அந்தக் கிழவன் ராத்திரி விளக்கை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டுறான். நீங்க பக்கத்து வீடு, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க சொன்னா கோபத்துல சொல்றோம்பாங்க. சிலிக்காரி நீங்களே சொன்னா எடுபடும்."

"நான் பாக்கலையே."

"விளக்கு வெளிய வந்ததைப் பாத்தீங்களா, இல்லையா?"

"அந்த ஆளு கக்கூசுக்குப் போறாருடா."

"அக்கா." அவன் குரல் இறங்கியது. "உங்க வீட்டை நான் இழுத்தேன். கயிறு உன் கையிலன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப நான் கேக்குறேன். என் புள்ள அங்க இருக்கான்."

லெதெஸ்மாவின் கண் சிவந்து கிடந்தது. அவன் தூங்கி எத்தனை நாளோ. ஓனோஃப்ரேவைக் காட்டிக்கொடுத்துவிட்டால் இவன் ஒரு ராத்திரியாவது தூங்குவான். கிழவர் மேல் எனக்கு என்ன பாசமா வழிகிறது? ஒரு வார்த்தை. கடன் தீர்ந்தது.

"தம்பி, மிங்காவுக்கு ஒரு விதி இருக்கு" என்றேன். "வீட்டை நகத்தத்தான் ஆள் கூப்பிடலாம். இடிக்கக் கூப்பிடக் கூடாது. இடிக்கிறதுக்குக் கடன் கழியாது."

அப்படி ஒரு விதி உண்டா என்று எனக்கே தெரியாது. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கினேன். ஆனால் சொன்னதும், காலம் காலமாக இருந்த விதி போலத்தான் தோன்றியது.

லெதெஸ்மாவின் முகம் கறுத்தது. "இந்த மனைக்கு இன்னும் உங்க பேர்ல காகிதம் ஆகலை. தெருக் கமிட்டித் தலைவர் நான். ஞாபகம் வச்சுக்கங்க." மாத்தேயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

நான் போகாவிட்டாலும் அலுவலகம் என்னைக் கூப்பிட்டது. லெதெஸ்மா என் பேரைக் கொடுத்திருந்தான், அங்கே போய் நின்றால் பயந்து சொல்லிவிடுவேன் என்று. தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒரு முனையில் ஓனோஃப்ரே, மறுமுனையில் லெதெஸ்மா. உள்ளே ஒரு மேஜர். சின்ன வயசு, தூக்கமில்லாத கண்.

"உங்க பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி விளக்கு காட்டுறாரா?"

"காட்டுறாரு ஐயா."

மேஜர் பேனாவை எடுத்தார்.

"வயசாயிடுச்சு. ராத்திரிக்கு மூணு தடவை கக்கூசுக்குப் போவாரு. அதைப் பாத்துத்தான் இங்கிலீஷ்காரன் கப்பல் ஓட்டுறான்னா, ஐயா, நாம ஏற்கெனவே தோத்துட்டோம்."

மூலையில் இருந்த எழுத்தர் இருமினார், சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். மேஜர் சிரிக்கவில்லை.

"அவர் வீட்டுல சிலி வானொலி கேக்குறது உண்டா?"

"உண்டு."

"நீங்களும் கேட்டீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வீடு எனக்கு. என் நாக்கு என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"கேட்டேன். எங்கம்மா செத்த சேதியே அதுலதான் வந்துச்சு. அதைக் கேக்குறது குத்தம்னா எனக்கும் சேத்து எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார். இருவரும் அயல்நாட்டார், ஊரைவிட்டு எல்லைக்கு அப்பால். மறுநாள் பஸ்.

வெளியே வந்தபோது லெதெஸ்மா எழுந்து நின்றான். அவனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. என்னையும் அனுப்புவார்கள் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடித்துவிடலாம் போல் கோபம் வந்தது. ஆனால் அடிப்பதற்கு நேரமில்லை. அந்தக் குளிரில் அடுப்பு அணைந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும், வீடு ஊறிப்போகும். தெருவில் வேறு யார் என் வாசலை மிதிப்பார்கள்? சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"அடுப்பை அணைய விடாதே. நீ இழுத்த வீடு, நீயே பாத்துக்க."

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை ஓனோஃப்ரே. என் தலையெழுத்து. நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"மூணு தடவைன்னு ஏன் சொன்னே?" என்றார். "ரெண்டு தடவைதான்."

எல்லையில் அர்ஜென்டினாச் சாவடிச் சுவரில் சீருடை போட்ட ஒரு படம். கொஞ்சம் தள்ளி சிலிச் சாவடிச் சுவரில் சீருடை போட்ட இன்னொரு படம். படச்சட்டங்கூட ஒரே மாதிரி. அதன் கீழே ஓனோஃப்ரே முதுகை நிமிர்த்தி, தொப்பியை எடுத்து நின்றார். தன் ஜெனரலை அலமாரிக்கு வெளியே பார்க்கிறார், பாவம். அதிகாரி ஒருவர் எங்களை உள்ளே உட்காரவைத்து, சூடாகக் காப்பி கொடுத்து, தாய்நாடு உங்களை மறக்கவில்லை என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்க வீடு விமானத் தளத்துக்குப் பக்கத்துலதானே, பெரியவரே? எத்தனை விமானம் நிக்குது? எந்த நேரத்துல கிளம்புது?"

நான் ஓனோஃப்ரேவைப் பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை வருஷம் அலமாரியைத் திறந்து மூடினார். வேலி கட்டுகிறவர், கம்பத்துக்குக் கம்பம் எண்ணிப் பழகிய கண். அவர் அதிகாரியைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், கடைசியில் தன் தொப்பியைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க" என்றார்.

"சத்தமாவது கேட்டிருக்குமே?"

"அங்க ஒரே காத்துங்க."

காப்பிக் கோப்பையை எடுத்துப் போய்விட்டார்கள். வெளியே வந்து வெகு நேரம் கழித்து, நான் எதுவும் கேட்காமலே, "இறைச்சிக்காரன் பையன் விறகை நல்லாப் பிளப்பான்" என்றார். அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது. தற்காலிகமாகத்தான்.

சிலிப் பக்கத்து நகரமான புன்டா அரீனாஸில் அவருடைய அண்ணன் மகள் வீட்டில், ஆளுக்கொரு மூலையில் ஒண்டிக்கொண்டோம். ஜூன் மாதம் நடுவில் மால்வினாஸில் அர்ஜென்டினா சரணடைந்தது. தெருவில் சிலர் கார் ஹாரன் அடித்தார்கள். ஓனோஃப்ரே போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்தார். அங்கே, யாரோ கூப்பிட்ட மிங்காவுக்குப் போனவர்கள் சேற்றில் கிடந்தார்கள். கூப்பிட்டவரின் நாற்காலி சில நாளில் போயிற்று. கை கொடுத்தவரின் நாற்காலி பத்திரமாக இருந்தது. எனக்கு நாற்காலிகளைப் பற்றிக் கவலை இல்லை. எலியோ இருக்கிறானா, இல்லையா? என் வீடு நிற்கிறதா, இல்லையா? வீட்டைப் பற்றிக் கேட்க முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கப்படாமல் இரண்டையும் சேர்த்தே ஜெபித்தேன்.

சாயங்காலம் ஆனால் ஓனோஃப்ரே பழக்கதோஷத்தில் வானொலியைத் திருப்புவார். இங்கிருந்து எங்கள் தீவு எட்டவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து எங்கள் ஊர் வானொலிதான் தெளிவாகக் கேட்டது. துரத்திவிட்ட ஊரின் சேதிகளை, இன்னார் பண்ணைக்குச் செருப்பு வந்ததை, இன்னார் பசு கன்று போட்டதை, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அறிவிப்பாளர் வழக்கமாகச் சொல்லும் பண்ணைப் பேருக்குப் பதிலாகத் தயங்கினார்.

"பிளாந்தினா மான்சில்லாவுக்கு, எங்கே இருந்தாலும். எலியோ வந்துவிட்டான். இடது காலில் விரல்கள் இல்லை. நடக்கிறான். பெட்டிகள் எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை, உங்கள் காலுறை மட்டும்தான் இருந்தது. வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை."

அறிவிப்பாளர் காகிதத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"ஓனோஃப்ரே கார்கமோவுக்கு, எங்கே இருந்தாலும். ஆன்டெனாவைத் திரும்பக் கூரையில் ஏற்றியாகிவிட்டது. இப்படிக்கு லெதெஸ்மா."

அடுத்த சேதி யாரோ ஒருவரின் குதிரையைப் பற்றி. ஓனோஃப்ரே குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கோணலா வச்சிருப்பான்" என்றார். "இறைச்சி வெட்டுறவனுக்கு ஆன்டெனாவைப் பத்தி என்ன தெரியும்? தெக்குப் பக்கம் ஒரு கம்பி இழுத்துக் கட்டணும். இல்லேன்னா மொதக் காத்துலயே விழுந்துடும்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நான் தடுக்கவில்லை, நானும் அதே நிலையில்தான் இருந்தேன். குதிரைச் சேதி முடிந்து, ஒரு கல்யாணச் சேதி முடிந்து, பாட்டுப் போட்டார்கள்.

"நம்ம ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார் ஓனோஃப்ரே, சுவரைப் பார்த்தபடியே.